தாயார் முன்னே போகும் ஊரின் மீன்

என் மீன்கள் தென்னூரிலிருந்து வந்தவை என்றுதான் நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். தென்னூரில் எனக்கு வாடிக்கையான ஒரு கடை உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் அங்கே சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்ட தெர்மாகோல் பெட்டிகள் வந்து இறங்கும். பெட்டிக்குள் ஆக்சிஜன் அடைத்துக் கட்டிய பாலித்தீன் கவர்கள், கவருக்குள் மீன்கள். அதற்கு முன்னால் அவை எங்கே இருந்தன என்று நான் யோசித்ததே இல்லை. ரேஷன் அரிசி எந்த வயலில் விளைந்தது என்று யார் யோசிக்கிறோம்?

நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள். கல்யாணமாகி கே.கே. நகருக்கு வந்தேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் நூலகர் வேலை. வீட்டில் மூன்று தொட்டிகள், நூலகத்தில் என் மேஜைக்குப் பக்கத்தில் ஒன்று. முட்டை கலந்த கேக்கை வாசலோடு திருப்பி அனுப்பும் குடும்பத்தில் மீன் வளர்க்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் "மத்ஸ்யாவதாரம்" என்று ஒரே வார்த்தையில் எல்லார் வாயையும் அடைத்தேன். என் கணவர் மட்டும் அடங்கவில்லை. "பெருமாள் ஒரு தடவைதான் மீனா வந்தார். உன் கப்பி மாசாமாசம் அவதாரம் எடுக்கறது" என்பார். கப்பி மீன் குட்டி போடும் வேகத்தைப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

நூலகத் தொட்டிக்கு முன்னால்தான் அவள் எனக்குப் பழக்கமானாள். விலங்கியல் துறை ஆசிரியை, என் வயதுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையைத் தவிர வேறு எதற்கும் நேரத்துக்கு வந்து பார்த்ததில்லை. கல்லூரியில் எல்லாரும் என்னை மேடம் என்று கூப்பிட, அவள் முதல் நாளே மாமி என்றாள். நான் பதிலுக்கு சிஸ்டர் என்றேன். இரண்டு பிள்ளை பெற்றவளைக் கன்னியாஸ்திரி ஆக்கியதில் எனக்கு ஒரு திருப்தி. அன்று அவள் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இதெல்லாம் எங்கேருந்து வந்தது மாமி?"

"தென்னூர்லேருந்து."

"தென்னூர் சாக்கடையில புடிச்சாங்களா?" என்று சிரித்தாள். பிறகு கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏஞ்சல் மீனின் முப்பாட்டன்கள் தென்னமெரிக்காவில் ஒரு பெரிய ஆற்றில் இருந்தார்களாம். இது சென்னைப் பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியில் பிறந்தது, ஆற்றைக் கண்ணால் பார்த்திராது. அதனால் அது எந்த ஆற்றுக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் மூலையில் ஒதுங்கி நின்ற, உடம்பில் சிவப்புக் கோடு ஓடும் மீன் அப்படியில்லை.

"இது மலை ஓடையில வலை போட்டுப் புடிச்சதா இருக்கும். இது ஒண்ணு இங்க வந்து சேர்றதுக்குள்ள எத்தனை வழியிலயே செத்துச்சோ. அந்த ஓடையில மிச்சம் இருக்கோ இல்லையோ."

காப்பி குடித்துக்கொண்டிருப்பவளிடம் வந்து காப்பித்தூளில் புளியங்கொட்டை கலந்திருக்கிறது என்று சொன்னது போல் இருந்தது எனக்கு. எரிச்சலாக வந்தது. "சரி, தொட்டி கழுவற மீன் ஒண்ணு முழ நீளத்துக்கு வளர்ந்துடுத்து. போன மாசம் அம்மா மண்டபத்துல கொண்டுபோய்க் காவேரியில விட்டேன். அதுவாவது புண்ணியம்தானே?" என்று கேட்டேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அந்த மீன் நம் நாட்டு மீனே இல்லையாம். காவிரியில் அது பெருகினால் மற்ற மீன்களின் முட்டையைத் தின்னுமாம், வலையைக் கிழிக்குமாம். விட வேண்டாத மீனை விடுவதும், எடுக்க வேண்டாத மீனை எடுப்பதும்தான் நம் ஆறுகளுக்குக் கேடு என்றாள். நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய், அந்தச் சிவப்புக்கோட்டு மீனைப் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று அவளிடமே கேட்டேன்.

அப்படி வளர்ந்த சிநேகம் அது. ஒரு வருடம் கழித்துத்தான் என்னைத் தன் மடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

திருவெள்ளறைக்கு அப்பால், துறையூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையில் கொஞ்ச தூரம் போனால் ஒரு ஓடை. வருடத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். ஓரிடத்தில் மட்டும் பாறைக்கு அடியில் ஊற்று இருந்ததால் கோடையிலும் வற்றாத ஒரு மடு இருந்தது. மாட்டுக்கொட்டகை அளவுகூட இருக்காது. அதில் சுண்டுவிரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன மீன்கள். ஊரில் பொடிக்கெண்டை என்பார்கள், எல்லாப் பொடி மீனுக்கும் அங்கே அதே பெயர்தான். அவள் ஏதோ ஒரு நீளமான பெயர் சொன்னாள், என் வாயில் நுழையவில்லை.

கல்யாணத்தாலும் குழந்தைகளாலும் பாதியில் நின்றுபோன முனைவர் பட்டத்தை அவள் இந்த மீனை வைத்துத்தான் மறுபடி தொடங்கியிருந்தாள். கல்லூரிக் காலத்தில் அவள் இதைப் பார்த்த குளங்களில் எல்லாம் இப்போது ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான் இருக்கின்றன. இந்த மடுவுக்குக் கீழே யாரோ எப்போதோ கட்டிய ஒரு கல் தடுப்பு உண்டு. அதைத் தாண்டி ஏரியிலிருந்து ஜிலேபி ஏறி வர முடியவில்லை. அதனால்தான் இவை பிழைத்திருந்தன. அவளுக்குத் தெரிந்து வேறு எங்கும் இல்லை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போய் எண்ணி, குறித்துக்கொண்டு வருவாள். இன்னும் ஒரு கோடை முழுக்கப் பார்த்துவிட்டால் அவள் ஆய்வு முடிந்துவிடும்.

மடுவை ஒட்டி நிலக்கடலை போட்டிருந்த ஒரு அம்மா அவளுக்காக அதைப் பார்த்துக்கொண்டார். யாரையும் அங்கே வண்டி கழுவ விடமாட்டார். "டீச்சர் மீன்" என்றுதான் சொல்வார். நாங்கள் போகும்போதெல்லாம் அவித்த கடலை வரும்.

முதல் தடவை போனது ஐப்பசியில். இரண்டு நாள் மழை பெய்து ஓடையில் தண்ணீர் வந்திருந்தது. மண் நிறத்தில் இருந்த அந்த ஆண் மீன்கள் அன்றைக்கு வாலிலிருந்து கழுத்து வரை செக்கச்செவேலென்று இருந்தன. பெண் மீன்களைத் துரத்திக்கொண்டு கூழாங்கற்களுக்கு இடையே ஓடின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் காசு கொடுத்து வாங்கிய எந்த மீனும் அந்த அழகுக்கு உறை போடக் காணாது. செல்போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

"படம் உங்களோட இருக்கட்டும் மாமி. யாருக்கும் அனுப்பாதீங்க" என்றாள் அவள்.

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்றேன்.

இரண்டு மாதம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். மார்கழியில் கெட்டது.

மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. திருச்சி, சென்னை, கோயம்புத்தூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். நான் ஒருத்திதான் பெண். ஒருநாள் யாரோ வெளிநாட்டு மீன் ஒன்றின் படத்தைப் போட்டு, நம்ம ஊர் மீனெல்லாம் குழம்புக்குத்தான் லாயக்கு என்று எழுதினார். இன்னொருவர், மேடத்துக்கு அதுவும் ஆகாதே என்று எழுத, வரிசையாக எல்லாரும் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள். எனக்குக் கோபம் வந்தால் முன்னும் தெரியாது பின்னும் தெரியாது. அந்தச் சிவப்பு மீனின் படத்தை எடுத்துப் போட்டு, "இது நம்ம ஊர் மீன்" என்று எழுதினேன்.

சிரிக்கும் முகங்கள் நின்றுபோயின. பிறகு எல்லாரும் ஒரே குரலில், எந்த ஊர் மேடம், எந்த ஊர் என்று கேட்டார்கள். அத்தனை ஆண்பிள்ளைகள் என்னிடம் கெஞ்சியது எனக்குப் பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அவ்வளவு புத்தி இருந்தது. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. "தாயார் முன்னே போக, பெருமாள் பின்னே வரும் ஊர். முடிந்தால் கண்டுபிடியுங்கள்" என்று எழுதினேன்.

மற்ற கோயில்களில் புறப்பாடு என்றால் பெருமாளுக்குத்தான் முதல் மரியாதை. திருவெள்ளறையில் தாயாருக்கு. ஸ்ரீரங்கத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். மீன் வளர்ப்பவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "அடியேன் நமஸ்காரம். திருவெள்ளறை திவ்யதேசம்தானே? தேவரீர் கேட்ட விதம் ரசமாக இருந்தது."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஸ்ரீரங்கத்து ஆட்களிடம் ஆயிரம் குசும்பு உண்டு, ஆயிரம் சந்தேகம் உண்டு. பால்காரரை நம்ப மாட்டோம், பக்கத்து வீட்டுக்காரரை நம்ப மாட்டோம். ஆனால் ஒருவர் "அடியேன்" என்று ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேல் எதையும் விசாரிக்க மாட்டோம். உட்காரச் சொல்லித் தீர்த்தம் கொடுத்துவிடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். அவர் யார், என்ன தொழில், ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஊர் ஸ்வாமி, யாருடைய சிஷ்யர் என்று கேட்டேன். இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் வந்தது.

ரொம்ப மரியாதையாகப் பேசினார். "இரண்டு ஜோடி கிடைத்தால் போதும். தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துவிட்டால் பிறகு யாரும் ஓடையில் பிடிக்கவே வேண்டாம்" என்றார். என் சிநேகிதி சொல்வதைத்தானே இவரும் சொல்கிறார் என்று தோன்றியது. நல்ல காரியத்துக்குத் துணைபோகிறோம் என்றுகூட நினைத்தேன். மண்பாதை எங்கே பிரிகிறது, எந்தப் பனைமரத்தில் திரும்ப வேண்டும், கல் தடுப்பு எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதினேன். அதோடு விட்டேனா? "அங்கே வயல்காரம்மா யாரையும் விடமாட்டார். காலேஜ் டீச்சர் சொல்லி வந்தோம் என்று சொல்லுங்கோ" என்று அதையும் சேர்த்து எழுதினேன்.

தை மாதம் அவளுக்குப் பரீட்சை வேலை, போக முடியவில்லை. மாசியில் ஒரு சனிக்கிழமை அவள் ஸ்கூட்டரில் கிளம்பினோம். வயல்காரம்மா பாதையிலேயே எதிர்கொண்டு வந்தார்.

"என்னா டீச்சர், உங்க ஆளுங்க வந்து மொத்தத்தையும் அள்ளிட்டுப் போனாங்களே, சோதனையெல்லாம் முடிஞ்சிருச்சா?"

"எந்த ஆளுங்கக்கா?" என்றாள் அவள்.

"நீங்க அனுப்பிச்சவங்கதான். நாலு பேரு, வேன்ல வந்தாங்க. காலேஜ் டீச்சர் சொல்லித்தான் வந்தோம்னாங்க. தண்ணிய இறைக்கணும்னாங்க. நம்ம மோட்டார்தான், நானே சுவிட்ச் போட்டு விட்டேன். ரெண்டு நாளு இருந்தாங்க."

அவள் மடுவைப் பார்த்து ஓடினாள். நானும் பின்னால் போனேன். மடுவில் ஊற்றுத் தண்ணீர் முழங்கால் அளவுக்கு மறுபடி ஊறியிருந்தது. கரையெல்லாம் சேறு காய்ந்து கிடந்தது, கற்களைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு கிழிந்த கொசுவலைத் துண்டும் நாலைந்து பாலித்தீன் கவர்களும் கிடந்தன. அவள் தண்ணீருக்குள் இறங்கி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு அசைவும் இல்லை.

வயல்காரம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "நான் படிக்காதவ டீச்சர், உங்க பேரச் சொன்னதும் நம்பிட்டேன்" என்றார். அவள் கரையேறி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா. யாரோ நம்மள நல்லா விசாரிச்சுட்டு வந்திருக்காங்க" என்றாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான், வாய் மூடிக்கொண்டது. ஒரு பாவமும் அறியாத அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் செய்த நான் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது.

வீட்டுக்கு வந்து அந்த ஆளுக்குச் செய்தி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அடியேனும் இல்லை, தேவரீரும் இல்லை.

அடுத்த வாரம் தென்னூர்க் கடைக்குப் போனேன். வாசலிலேயே கடைக்காரர், "வாங்க மேடம், புது அயிட்டம் வந்திருக்கு, பாருங்க" என்று ஒரு தொட்டியைக் காட்டினார். அதே மீன்கள். நிறம் போய், துடுப்பு கிழிந்து, ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. திருவெள்ளறையிலிருந்து சென்னைக்குப் போய், தெர்மாகோல் பெட்டியில் மறுபடி திருச்சிக்கே வந்திருந்தன.

"எல்லாம் இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"கவர்லயே பாதிக்கு மேல போயிருச்சு மேடம். காட்டு மீனு, தாங்கல. வெளிநாட்டுக்கு அனுப்புனதுலயும் அப்படித்தான்னு பேசிக்கிறாங்க. இனிமே வராதாம். சரக்கு இல்லயாம்."

எண்ணச் சொன்னேன். பத்தொன்பது இருந்தன. பத்தொன்பதையும் வாங்கினேன்.

என்ன செய்யவேண்டும் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவள் வாயைத் திறந்து கேட்காமலே அவள் மீனை அவள் மடுவில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். அடுத்த மாதம் எண்ணப் போகும்போது தண்ணீரில் மீன் துள்ளும். அவளுக்குச் சந்தோஷம் வரும். நான் எதையும் சொல்ல வேண்டியிராது. உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி வாக்கியம்தான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சத்திரம் பஸ் நிலையத்தில் துறையூர் பஸ் ஏறினேன். கவர்களைத் துணிப்பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மா, "என்னங்க, தயிரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாதி தூரத்திலேயே இரண்டு மீன்கள் சாய்ந்து நீந்த ஆரம்பித்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மடுவுக்குப் போய்ச் சேர்ந்ததும் கவரைப் பிரித்து, தண்ணீரோடு அப்படியே கவிழ்த்தேன். பத்தொன்பதும் உயிரோடு பாறைக்கு அடியில் ஓடின. நான் கைகூப்பிவிட்டு வந்தேன்.

என் வீட்டுத் தொட்டியில் புது மீன் எதையும் நான் நேராக விட்டதே இல்லை. கடைத் தண்ணீரில் வெள்ளைப்புள்ளி நோய் இருக்கும். இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்ப்பேன். கடைத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட உள்ளே போக விடமாட்டேன். கப்பிக்குக் காட்டிய அந்த அக்கறையை நான் ஓடைக்குக் காட்டவில்லை. மடுவில்தான் ஒன்றுமே இல்லையே, எது யாருக்கு ஒட்டப்போகிறது என்று நினைத்தேன்.

பங்குனி முதல் வாரத்தில் அவளே நூலகத்துக்கு வந்தாள். ஒரு மாதமாகச் சிரிக்காதவள் அன்றைக்குச் சிரித்தாள்.

"மாமி, சனிக்கிழமை வர்றீங்களா? உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

"என்ன காட்டப்போறேள்?"

"வந்து பாருங்களேன்."

மீன்களைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்கு உள்ளூர ஒரே பூரிப்பு. சனிக்கிழமை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது டோல்கேட் வரை அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நானும் வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தேன்.

மடு வெயிலில் சுருங்கி, ஒரு குளியலறை அளவுக்குத்தான் இருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. மீன்கள் மேலேயே இருந்தன. சில பக்கவாட்டில் மிதந்தன. மற்றவை கரையோரம் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தன. எல்லாவற்றின் உடம்பிலும் ரவையை அள்ளித் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

அவள் தண்ணீரில் இறங்கினாள். விரலால் சுட்டிச் சுட்டி எண்ணினாள். ஒருமுறை எண்ணிவிட்டு, நம்பாமல் மறுபடி எண்ணினாள்.

"இருபத்தாறு" என்றாள். "எப்படி இருபத்தாறு?"

"பத்தொன்பதுதானே?" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. நான் எண்ணி வாங்கியது பத்தொன்பது, கணக்கு தப்பாக இருக்கிறதே என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. கடையில் வாங்கியதைச் சொன்னேன். அப்புறம் படத்தைப் போட்டதை, தாயார் முன்னே போகும் ஊர் என்று எழுதியதை, வழி சொன்னதை, டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கோ என்றதை, எல்லாவற்றையும் அந்தக் கரையில் நின்றுகொண்டே சொன்னேன். அவள் தண்ணீருக்குள் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏழு இருந்துச்சு" என்றாள் கடைசியில். "நாம வந்து பாத்துட்டுப் போன மறுநாளே நான் மட்டும் தனியா வந்தேன். பாறை இடுக்குல ஏழு தப்பிச்சு இருந்துச்சு. ரெண்டு பொட்டை வயித்துல முட்டையோட இருந்துச்சு. யாரு காட்டிக்கொடுத்தாங்கன்னு தெரியாம இனிமே யார்கிட்டயும் சொல்றதில்லன்னு இருந்தேன். உங்ககிட்ட மட்டும் மறைக்கிறது மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் இன்னைக்குக் கூட்டிட்டு வந்தேன்."

மன்னிச்சுடுங்கோ என்று சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை.

"நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நானும் சொல்லியிருப்பேன் மாமி" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். "நீங்க கடை மீனைக் கொட்டுறதுக்கு முன்னாடியே ஏழையும் எடுத்து லேப்ல வச்சிருப்பேன்."

அன்றைக்கு மாலைக்குள் மீதியும் போய்விடும் என்று இருவருக்கும் தெரிந்தது. வீணாகப் போக வேண்டாம், பதிவுக்காவது இருக்கட்டும் என்று பையிலிருந்து, செத்த மீனைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பாட்டிலை எடுத்தாள். என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். செத்ததும் சாகப்போவதுமாக ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். எது கடை மீன், எது ஓடை மீன் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை, எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. இருபத்தாறும் ஒரு பாட்டிலுக்குள் அடங்கிவிட்டன.

அவள் கை ஈரமாக இருந்ததால் அட்டைச்சீட்டையும் பென்சிலையும் என்னிடம் நீட்டினாள். மீனின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள், எழுதினேன். இடம் என்ற வரியில் திருவெள்ளறை என்று எழுதினேன். தேதி போட்டேன். அடுத்த வரி, சேகரித்தவர். அவளுடைய பாட்டில்கள் எல்லாவற்றிலும் அந்த வரியில் அவள் பெயர்தான் இருக்கும். அதையே எழுதப் பென்சிலை வைத்தேன்.

"அங்க உங்க பேர எழுதுங்க" என்றாள்.

எழுதினேன்.